பருவ வெடிப்பு: ஒரு தோட்டாவின் கழுத்தும் நம் மழையும்

பொறியியல் கலைச்சொற்களைத் தமிழாக்கும் நண்பர் ஒருவர் இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். உலோகவியல் பாடநூலில் 'சீசன் கிராக்கிங்' என்றொரு தொடர் வருகிறது. 'பருவ வெடிப்பு' என்று எழுதிவிடலாமா என்பது அவர் கேள்வி. எழுதலாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்தத் தொடரில் 'சீசன்' என்பது எந்தப் பருவம், யாருடைய பருவம் என்பதை நான் ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இப்பதிவு அந்த ஒரு சொல்லைப் பற்றியது. நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலோகவியல் வகுப்புகளில் இக்கதையைக் கேட்காத மாணவர் குறைவு. பிரித்தானிய இந்தியப் படையினர் மழைக்காலத்தில் போர் நடவடிக்கைகளைக் குறைத்துக்கொண்டு, பித்தளைத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தனர். மழை ஓய்ந்து பெட்டிகளைத் திறந்தபோது பல தோட்டாக்கள் வெடித்திருந்தன. மருந்து வெடிக்கவில்லை, உறையின் பித்தளையே பிளந்திருந்தது. அதிலும் குறிப்பாக, உறை குண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்பது 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னரே தெளிவாயிற்று. பாடநூல்கள் இதை நான்கு வரியில் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். எனக்கோ அந்த நான்கு வரிகளில் மூன்று வரலாறுகள் மடிந்து கிடப்பதாகத் தோன்றுகிறது.

முதலில் தோட்டாவைப் பற்றிச் சிறிது. இந்திய வரலாற்று மாணவருக்குத் தோட்டா என்றவுடன் நினைவுக்கு வருவது 1857. அவ்வாண்டு சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கொழுப்புத் தடவிய தோட்டா பற்றிய பேச்சு கிளம்பியதையும், அதன் பின் நடந்ததையும் நாம் விரிவாகவே படித்திருக்கிறோம். அந்தத் தோட்டா காகிதத்தால் ஆனது. பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். பத்தே ஆண்டுகளில் அது பழம்பொருளாகிவிட்டது. 1866இல் பிரித்தானியப் படை பின்புறம் திறந்து நிரப்பும் சினைடர் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதற்கு உல்விச் ஆயுதச்சாலையின் எட்வர்டு பாக்சர் வடிவமைத்த உறை, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, இரும்பு அடித்தட்டுடன் பொருத்திச் செய்தது. 1871இல் மார்ட்டினி ஹென்றி வந்தது. அதற்கும் முதலில் சுருட்டிய தகட்டு உறைதான். 1885 சனவரியில் சூடானின் அபு கிளியாப் போரில், சூடேறிய துப்பாக்கிகளில் இவ்வுறைகள் சிக்கிக் கிழிந்து வெளியே வராமல் போனது பெரும் அவப்பெயரைத் தந்தது. அதன் பிறகு ஒரே பித்தளை வில்லையை அழுத்தி இழுத்துக் குழலாக்கிய திண்ணிய உறையே நியதியாயிற்று.

ஒரு வில்லையை எப்படிக் குழலாக்குவது? அதை ஓர் அச்சின் மேல் வைத்துத் தண்டால் அழுத்தினால் கிண்ணமாகும். கிண்ணத்தை அடுத்தடுத்துக் குறுகலான அச்சுகளின் வழியே தள்ளினால் நீண்ட குழலாகும். ஒவ்வொரு தள்ளலிலும் பித்தளை இறுகும். இறுகிய பித்தளையை மேலும் இழுத்தால் கிழியும். ஆகவே இடையிடையே அதைச் சூடேற்றி ஆறவிட வேண்டும். கும்பகோணத்திலோ நாச்சியார்கோவிலிலோ குடம் அடிக்கும் கன்னாரிடம் கேட்டால் இதையேதான் சொல்வார்: அடித்த தகடு முறைக்கும், காய்ச்சினால் இளகும், மறுபடி அடிக்கலாம். பட்டறையில் ஒரு குடம் உருவாவதற்குள் எத்தனை முறை உலைக்குப் போய்வரும் என்று எண்ணிப் பார்த்தவர்கள், தோட்டாத் தொழிற்சாலையில் நடப்பது அதன் இயந்திர வடிவமே என்பதை எளிதில் கண்டுகொள்வர்.

1888இல் வந்த .303 லீ மெட்ஃபோர்டு துப்பாக்கியின் தோட்டாதான் நம் கதையின் நாயகன். அதன் உறை 56 மில்லிமீட்டர் நீளம். அடிப்பகுதியின் விட்டம் ஏறத்தாழ 11.7 மில்லிமீட்டர். தோளில் ஒடுங்கிக் கழுத்தில் 8.6 மில்லிமீட்டராகும். குண்டின் விட்டம் 7.9. கழித்து இரண்டால் வகுத்தால் கழுத்துச் சுவரின் தடிமன் கிடைக்கும்: மூன்றரை மயிரிழை என்று சொல்லலாம், ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அந்த மெல்லிய வளையம் தன்னைவிடச் சற்றே பெரிய குண்டை ஆண்டுக்கணக்கில் இறுக்கிப் பிடித்தபடி இருக்க வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டை சக்கரத்தை இறுக்குகிறது. சக்கரம் பட்டையை இழுவிசையில் வைத்திருக்கிறது. வெடிப்பு எப்போதும் கழுத்தின் நீளவாக்கில் ஓடுவதற்குக் காரணம் இந்த வளைய இழுவிசைதான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1889இல் ஏபெலும் டிவாரும் உருவாக்கிய கார்டைட், பெயருக்கேற்பக் கயிறு போன்ற இழைகளாக வரும் வெடிமருந்து. தொடக்கக் கலவையில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு, வெடிபஞ்சு 37, வாசலின் 5. தமிழ்நாட்டில் இதற்கொரு வீடு உண்டு. நீலகிரியின் அருவங்காட்டில் 1904இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. மலை ரயிலில் உதகைக்குப் போனவர்கள் அந்த நிலையப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பர். இந்த இழைக்கட்டு ஒடுங்கிய கழுத்தின் வழியே உள்ளே போகாது. ஆகவே .303 உறையில் முதலில் இழைக்கட்டை வைத்து, மேலே ஓர் அட்டை வில்லையை இட்டு, அதன் பின்னரே கழுத்தை ஒடுக்கினர். உலோகவியல் மாணவர் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். கழுத்தை ஒடுக்குவது பித்தளையை இறுக்கும் கடைசி வேலை. இறுகிய இடத்தைச் சூடேற்றி இளக்குவதே முறை. ஆனால் உள்ளே ஏற்கெனவே மருந்து இருக்கிறது. தீயை அருகில் கொண்டுபோக முடியாது. உள்ளிறுக்கத்தைச் சுமந்தபடியேதான் அந்தக் கழுத்து பெட்டிக்குள் போயிற்று என்று கொள்வதே பொருத்தம்.

மருந்தை இடுவதற்கு முன்பே கழுத்துப் பகுதியை இளக்கி வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்தனர். ஆனால் இளக்கிய பின் ஒடுக்கினாலும் இறுக்கம் மீண்டும் ஓரளவு ஏறவே செய்யும். வெடிப்பின் வரலாற்றில் இந்தச் சிறு அளவு எவ்வளவு பெரிதென்பதைப் பின்னால் பார்ப்போம்.

இனி லாயத்துக்கு வருவோம்.

குதிரையின் சிறுநீரில் யூரியா மிகுதி. வைக்கோலிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்க, அம்மோனியா வெளிப்படும். லாயத்தில் நுழைந்தவுடன் கண்ணைக் கரிக்கும் அந்த நெடி அதுவே. கோடையில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். மழைக்காலத்தில் கதவுகள் அடைபட்டு, வைக்கோல் ஈரமாகி, காற்றில் நீராவி நிறைந்திருக்கும்போது அம்மோனியா உள்ளேயே தங்கும். பித்தளையின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலத்தில் அது கரையும். காற்றின் ஆக்சிசனும் சேர்ந்தால், அம்மோனியா செம்போடு கூடி நீலநிறச் சேர்மமாகக் கரைந்து வெளியேறத் தொடங்கும். இழுவிசை இல்லாத பித்தளையில் இது வெறும் கறையாக நின்றுவிடும். இழுவிசை உள்ள இடத்திலோ, உலோகப் படிகங்களுக்கு இடையேயுள்ள எல்லைகளின் வழியே கத்திபோல் உள்ளிறங்கும். மேற்பரப்பில் பெரிதாக அரிப்பு தெரியாது. உறை பளபளப்பாகவே இருக்கும். கழுத்தில் ஒரு மயிர்க்கோடு மட்டும் ஓடியிருக்கும்.

அந்த மயிர்க்கோடு அற்பமானதன்று. அதன் வழியே ஈரம் புகுந்தால் மருந்து கெடும். குண்டு தளர்ந்தால் குறி தப்பும். சுடும்போது வாயு பின்னோக்கிக் கசிந்தால் சுடுபவரின் முகத்துக்கே கேடு. ஆயிரக்கணக்கான பெட்டிகளைத் திறந்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக் கழித்துக்கட்டும் வேலையை யாரோ செய்திருக்க வேண்டும். குதிரைக்குப் புல் அறுத்தவர்கள், லாயம் கூட்டியவர்கள், பெட்டி சுமந்தவர்கள் என்று பாளையத்தில் படைவீரர்களைவிட மிகுதியாக இருந்த கூட்டம் ஒன்று உண்டு. உலோகவியலின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று அவர்கள் கைகளின் வழியேதான் வந்தது. எந்தப் பாடநூலும் அவர்களைக் குறிப்பிடுவதில்லை. உலோகவியல் நூலில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லைதான். ஆனால் வரலாற்றுத்துறையில் இருப்பவர்கள் கேட்டிருக்கலாம்.

இப்போது சொல்லின் சிக்கல். 'சீசன்' என்பதற்கு ஆங்கிலத்தில் இரு பொருள்கள். ஒன்று பருவம். மற்றொன்று மரத்தை ஆறப்போட்டுப் பதப்படுத்துவது. இப்பெயரின் பிறப்புக்கும் இரு விளக்கங்கள் வழங்குகின்றன. மழைப்பருவத்தில் நேர்ந்ததால் இப்பெயர் என்பது ஒன்று. ஆறப்போட்ட மரத்தில் தோன்றும் கீறலைப் போல இருந்ததால் இப்பெயர் என்பது மற்றொன்று. ஆங்கிலேயர் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் முடியாது. 'பருவ வெடிப்பு' என்றால் மழையைச் சொல்கிறோம். 'ஆறல் வெடிப்பு' என்றால் மரத்தைச் சொல்கிறோம். மொழிபெயர்ப்பவர் கையெழுத்திடும் அந்த நொடியில் வரலாற்றுத் தீர்ப்பொன்றையும் வழங்கிவிடுகிறார்.

(கிழக்குக் கோட்டையில் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிச் சுவாதித் திருநாள் கட்டிய குதிரமாளிகையை அறிந்தவர்கள் இங்கே சிரிக்கலாம். இறவாரத்தின் கீழ் வரிசையாக 122 மரக்குதிரைகள். மரமும் உண்டு, குதிரையும் உண்டு, மழையும் உண்டு. இச்சொல்லின் இரு பொருள்களும் ஒரே கூரையின் கீழ் நிற்கும் இடம் உலகில் வேறெங்கும் இருக்குமா என்று தெரியவில்லை.)

விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னால், இத்தேர்வில் ஓர் அரசியல் இருக்கிறது. 'பருவம்' என்ற விளக்கத்தை ஏற்றால், பழி இந்தியத் தட்பவெப்பத்தின் மேல் விழுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆவணங்களைப் புரட்டியவர்களுக்கு இது பழகிய குரல். மரம் உளுத்தால் வெப்பமண்டலம். தாள் மடிந்தால் வெப்பமண்டலம். அதிகாரி நோயுற்றால் வெப்பமண்டலம். பித்தளை பிளந்தாலும் அதுவே. பழுது இங்கே தோன்றியதா, அல்லது கப்பலிலேயே வந்திறங்கியதா என்ற கேள்வி எழவே இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை ஐரோப்பாவிலேயே கிடைத்துக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. மழைப்பருவமோ குதிரைப்படையோ இல்லாத இடங்களில், அலமாரியில் வைத்திருந்த பித்தளைப் பாத்திரங்களும் தண்டுகளும் குழாய்களும் தாமாகவே பிளந்தன. செருமானிய அறிஞர் எமில் ஹெய்ன் 1914இல் இலண்டனின் உலோகவியல் கழகத்தில் ஆற்றிய மே மாத உரையின் பொருளே இதுதான்: குளிர்நிலையில் உருவாக்கிய உலோகங்களின் உள்ளே தங்கிவிடும் இறுக்கமும், அதனால் வரும் தொல்லைகளும். அவ்வுரை நிகழ்ந்த சில மாதங்களிலேயே இரு நாடுகளும் போரில் எதிரெதிரே நின்றன. இரு பக்கத்துத் தொழிற்சாலைகளும் அதே பித்தளையை, அதே முறையில், கோடிக்கணக்கில் இழுத்துத் தள்ளின. துப்பாக்கித் தோட்டாக்கள் மட்டுமல்ல. பீரங்கி உறைகளும் கிடங்குகளில் பிளக்கத் தொடங்கினால் என்னாகும் என்ற அச்சம் இந்த ஆய்வுக்கு அரசின் கவனத்தைப் பெற்றுத் தந்தது.

மூரும் பெக்கின்சேலும் உல்விச் ஆயுதச்சாலையின் ஆய்வுத்துறையினர். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்ட தோட்டாப் பித்தளையை மிதமான வெப்பத்தில் வைத்தால், அதன் கடினம் குறையாமலே உள்ளிறுக்கம் மட்டும் தளர்கிறது என்பதை 1920இல் அவர்கள் காட்டினர். 300 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே இது நிகழும். சிவக்கக் காய்ச்சத் தேவையில்லை. மறு ஆண்டு மல்லின்சனோடு சேர்ந்து எழுதிய கட்டுரை பித்தளையோடு நிற்காமல் பிற செம்புக் கலவைகளையும் ஆராய்ந்தது. இந்திய லாயத்தில் துப்பறிந்த கதை போல அதைச் சொல்லும் வழக்கம் பின்னால் வந்தது. அந்தக் கட்டுரையின் வலிமையோ ஆய்வகத்தில் இருக்கிறது. இழுவிசை, அம்மோனியா, வெடிப்புக்கு இடம்தரும் கலவை என மூன்றும் ஒருசேர அமைந்தால்தான் பித்தளை பிளக்கும் என்ற தெளிவு அங்கிருந்து வந்தது. ஒன்றை நீக்கினாலும் போதும். துத்தநாகம் 15 விழுக்காட்டுக்குக் கீழிருந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். தூய செம்பு ஏறத்தாழத் தப்பிவிடும். லாயத்திலிருந்து பெட்டியை அகற்றினாலும் தீரும். இறுக்கத்தைத் தளர்த்தினாலும் தீரும். ஆனால் லாயத்தை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் தீராது. அம்மோனியா எருக்குழியிலும் உண்டு, கழிவறையிலும் உண்டு, மெருகேற்றும் பூச்சிலும் உண்டு.

தோட்டாவுக்குள் இறுக்கம் மறைந்திருக்கிறதா என்பதைக் கண்டறியப் பாதரச நைட்ரேட்டுக் கரைசலில் அதை முக்கியெடுக்கும் சோதனை வழக்கத்துக்கு வந்தது. ஆண்டுக்கணக்கில் நிகழவேண்டிய வெடிப்பைச் சில நிமிடங்களில் வரவழைத்துக் காட்டிவிடும் முறை அது. இன்று பாதரசத்தின் நச்சை எண்ணிப் பல இடங்களில் அம்மோனியா ஆவியையே சோதனைக்குப் பயன்படுத்துகின்றனர். லாயத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே நம் வீட்டுப் பக்கமிருந்து ஒரு மறுப்பு எழ வேண்டும். அம்மோனியாவும் பித்தளையும் நம் தெருக்களில் காலங்காலமாகச் சந்தித்துக்கொண்டிருந்தவை. ஈயம் பூச வருபவரை நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் மறந்திருக்க மாட்டார்கள். நாகர்கோவிலில் என் பாட்டி வீட்டு வாசலில் குழி தோண்டி, துருத்தி வைத்து, கரி மூட்டி, பித்தளை அண்டாவைக் காயவைப்பார். நன்கு காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவுவார். வெண்புகை குப்பென்று கிளம்பும். குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். பிறகு ஈயத்தை வைத்துத் துணியால் ஒரு சுழற்று. அண்டா உள்ளே வெள்ளியாகிவிடும். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது பிரிந்து அம்மோனியாவையும் அமிலத்தையும் தரும். அப்படியானால் நம் அண்டாக்கள் ஏன் பிளக்கவில்லை?

மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளே விடை. ஈயம் பூசுபவர் முதலில் செய்வது சூடேற்றுவது. அந்தச் சூடே உள்ளிறுக்கத்தைத் தளர்த்திவிடுகிறது. ஈரமில்லை, அம்மோனியா சில நொடிகளே தங்குகிறது. உல்விச் ஆய்வகம் பின்னால் எழுதிவைத்த மருந்தை அவர் அறியாமலே, வேறொரு காரணத்துக்காகச் செய்துகொண்டிருந்தார். இதை வைத்து நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று முழங்க வரவில்லை. அப்படி முழங்கும் பதிவுகள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு உள்ளன. அவர் ஈயம் ஒட்டுவதற்காகச் சூடேற்றினார். பித்தளை பிழைத்தது உடன்விளைவு. கைத்தொழிலில் பொதிந்திருக்கும் அறிவு பெரும்பாலும் இப்படித்தான்: சரியான செயல், வேறு காரணம்.

வார்ப்புக்கும் இழுப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குளச்சலில் 1741இல் தோற்றுப் பின் திருவிதாங்கூரின் படைத்தலைவரான டி லனாய், உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்ப்புச் சாலை நடத்தினார். வார்த்த உலோகம் உருகிய நிலையிலிருந்து அச்சில் உறைவது. தண்டும் அச்சும் கொண்டு குளிர்நிலையில் நெருக்கிய இறுக்கம் அதில் இராது. நம் உருளிகளின் ஓட்டில் துத்தநாகத்துக்குப் பதில் வெள்ளீயமும் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்நகரில், தலைமுறைகளாகக் கோயில் மணிகளும் வார்ப்பு விளக்குகளும் பிளக்காமல் தொங்குகின்றன. மழைதான் குற்றவாளி என்றால் இவை முதலில் பிளந்திருக்க வேண்டும். தொழிற்சாலை தன் வேகத்தில் உலோகத்துக்குள் திணித்த இறுக்கமே உள்ளிருந்த காரணம். லாயமும் மழையும் அதை வெளிக்கொணர்ந்தன.

தோட்டாவை ஒருமுறை சுட்டுவிட்டு எறிந்தால் கழுத்தின் கதை அத்தோடு முடிந்துவிடும். ஆனால் வெற்றுறை விலைமதிப்புள்ள பொருள். தோட்டாவில் அதிகச் செலவு பிடிப்பது பித்தளைதான். மேலைநாடுகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டினர் அதைச் சேர்த்துவைத்து, புதிய வெடிமூடியும் மருந்தும் குண்டும் பொருத்தி மீள நிரப்புவது பெரும் கலையாக வளர்ந்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரியும். மீண்டும் நிரப்ப அதை அச்சில் ஒடுக்குவர். விரிந்து ஒடுங்கி, விரிந்து ஒடுங்கிப் பித்தளை முறைத்துக்கொள்ளும். சில சுற்றுகளுக்குப் பின் கழுத்து நீளவாக்கில் பிளக்கும். உலோகம் முன்னோக்கி நகர்ந்து கழுத்து நீண்டு தடிக்கவும் செய்யும். அதை வெட்டிச் சீராக்காவிட்டால் குண்டை விடுவிக்க இடமின்றி அழுத்தம் எகிறும். பிளவுக்கு அவர்கள் கண்ட தீர்வு, கழுத்தை மட்டும் தீச்சுடரில் காட்டி இளக்குவது. அடிப்பகுதியை நீரில் நிறுத்தி வைப்பர். காரணம், .303 போன்ற தோட்டாவில் அடிப்பகுதி சதுர அங்குலத்துக்கு 40,000 இறாத்தலுக்கும் மேலான அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அது இளகிவிட்டால் கையில் பிடித்திருப்பது துப்பாக்கியன்று, வெடிகுண்டு. இன்றைய படைத்துறைத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலம் படர்ந்த கறை அழுக்கன்று. இளக்கியதற்கான சான்றாக அதை மெருகிடாமலே விட்டுவைக்கின்றனர். பழைய கைநூல்கள் அம்மோனியா கலந்த மெருகுப் பூச்சால் உறைகளைத் தேய்க்காதீர் என்று எச்சரிப்பதும் லாயத்தின் எதிரொலியே.

இந்தக் கலை இந்தியாவில் ஏன் வேரூன்றவில்லை? 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றி இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. உறையைக் கையில் எடுத்து ஆராயும் பழக்கம் படைமுகாமுக்கும் சில அரண்மனைகளுக்கும் வெளியே உருவாக வாய்ப்பே இல்லை. அதற்கும் முன்பே, 1809இல் வேலுத்தம்பியின் எழுச்சி ஒடுக்கப்பட்ட பின், திருவிதாங்கூரின் பெரும்படை கலைக்கப்பட்டுவிட்டது. எஞ்சியது பெரிதும் அணிவகுப்புக்கான படை. டம்டம் 1846லிருந்தும் கிர்க்கி 1869லிருந்தும் தோட்டா வரலாற்றில் இடம்பெறுகின்றன. டம்டம்மின் பெயர் இறுதியில் உலக அகராதிகளில் ஏறியது உடலுக்குள் விரியும் ஒரு குண்டுக்காக. 1899இல் ஹேக் மாநாடு அவ்வகைக் குண்டுகளுக்குத் தடை கோரியது. குண்டுக்குக் கிடைத்த கவனத்தில் நூற்றில் ஒரு பங்கும் உறைக்குக் கிடைக்கவில்லை. வரலாற்றாசிரியர்களும் அப்படித்தான். குண்டு பாய்ந்த இடத்துக்குப் போகிறோம். கீழே விழுந்த உறையை யாரும் பொறுக்குவதில்லை.

நண்பரின் கேள்விக்குத் திரும்புகிறேன். மறுநாள் காலை அவரை அழைத்து, முந்தைய நாள் அவசரத்தில் சொல்லிவிட்டேன் என்றேன். 'பருவ வெடிப்பு' பிழையன்று. ஆனால் அது பழியை மழையின் மேல் வைக்கிறது. 'ஆறல் வெடிப்பு' ஒப்புமையை மட்டும் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. இன்றைய உலோகவியல் இதைத் தகைவு அரிப்பு வெடிப்பு என்ற பெருவகையில் ஒன்றாகவே காண்கிறது. அச்சொல் மூன்று காரணங்களில் இரண்டையாவது வெளிப்படையாகச் சொல்கிறது. தலைப்பில் அதை வைத்து, பழம்பெயர் என்ற குறிப்போடு 'பருவ வெடிப்பு' என்பதையும் அடுத்து எழுதுமாறு சொன்னேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "கட்டத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருக்கிறது, ஐயா" என்றார்.

இன்னும் முடிவு செய்யவில்லை. பட்டியல் ஆவணி இறுதியில் அச்சுக்குப் போகிறது. பொறியியல் தமிழில் பயிற்றுவிப்போரும், தோட்டாத் தொழிற்சாலைகளில் பணியாற்றியோரும், கன்னார் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்களும் இதற்கு என்ன சொல் வழங்குகிறார்கள் என்று கீழே எழுதினால் அவரிடம் சேர்ப்பிக்கிறேன். குறிப்பாகக் குடத்தின் கழுத்தில் விழும் நீளக்கீறலுக்குப் பட்டறையில் ஒரு பெயர் இருந்தே தீரும்.